அரைப் பேர்

கோயில் கமிட்டி கேட்டது
பன்னிரண்டடி நரகம்.
சுவர் அவர்களுடையது. கூலியும் அவர்கள் சொன்னதுதான்.
சாமி மட்டும் எனக்கு வேறு.
"அதனால என்ன ஞானப்பு,
நெருப்பு எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார் தலைவர்.

மஸ்கெலியா டவுனில் நான் எழுதுவது
லொறிக் கதவுகள், கல்லறைப் பலகைகள்.
நரகம் இதுதான் முதல் தடவை.
பஸ்ஸுக்கு அடித்து மீந்த சிவப்பு
மூன்று டின் கிடந்தது.

தொடங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது.
எமனின் மீசை வழிந்து
எருமையின் கண்ணுக்குள் போயிற்று.
துடைத்துத் துடைத்து வரைந்தேன்:
எண்ணெய்க் கொப்பரை, வாளிலைக் காடு,
அட்டைக் குழி.

அட்டைக் குழியைப் பார்த்து
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சிரித்தார்கள்.
"நம்ம ஏழாம் நம்பர் மல!"
"கால்ல சவுக்காரம் பூசிக்கிட்டுப் போகச் சொல்லுங்க மாமா,
ஏறாது."

நாலரை மணிக்குக் கொழுந்து நிறுத்தவர்கள்
தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள்.
சித்திரகுப்தன் கையில் தராசு.
"தண்ணிக்கு எத்தன கிலோ கழிப்பான்?"
"கிலோ கொறஞ்சா அங்கயும் அரைப் பேர்தானா?"
"அரைப் பேருக்கு அரை நரகம் குடுப்பானா, கேளு."
சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.
நான் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

இந்த நெருப்பை முதலில் நினைத்தவன்
வெயில் ஊர்க்காரனாக இருக்க வேண்டும்.
விசிறிக்கொண்டே யோசித்திருப்பான்.
இங்கே தை மாதத்துப் பைப்புத் தண்ணீர்
விரலைக் கடிக்கிறது.
என் கொப்பரைக்கு முன்னால்
படங்குச் சாக்கைப் பிழிந்தபடி நின்ற முகங்களில்
பயம் இல்லை.
கொஞ்சம் பொறாமை இருந்தது.

இரவில் ஒருவர் வந்தார்:
திருவிழாக் காசைத் தின்றவனின் மூக்கை
கழுவில் ஏறியவனுக்கு வைக்கச் சொன்னார்.
மறுநாள் அந்த மூக்கே வந்தது,
கையில் ஒரு போத்தலோடு.
மூக்கைச் சப்பையாக்கினேன்.
போத்தலை வாங்கவில்லை என்று எழுதலாம்தான்.

கடைசி நாள்
எல்லோரும் போன பிறகு சிவனம்மா நின்றாள்.
கூடையை இறக்கவில்லை.
"கயித்துல போனவங்க இதுல எங்க?"

பூசாரி சொல்லியிருந்தார்:
அவர்கள் எங்கும் இல்லை,
மிச்ச ஆயுசு முடியும்வரை அலைவார்கள்.
எங்கள் கோயிலிலும் ஒரு காலத்தில்
அவர்களுக்கு மணி அடித்ததில்லை.
அப்படிப் போன மகனுக்குப் பலகை எழுத
ஒரு தகப்பன் கடைக்கு வந்திருக்கிறான்.
பெயரையும் இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுத்தேன்.
எவ்வளவு என்று கேட்டான்.
எனக்குச் சொல்ல வரவில்லை.

அவளிடமும் சொல்ல வரவில்லை.
"அலையுறாங்களாம்" என்றேன்.

மலைப்பக்கம் பார்த்தாள்.
பனி இறங்கி
ஃபெக்டரியின் மேல்மாடியை விழுங்கியிருந்தது.
"இந்தப் பனியிலயா?
அவருக்கு நெஞ்சுச் சளி.
மேலுக்குக்கூட ஒண்ணும் போடாமத்தான் போனாரு."

அவள் போய்விட்டாள்.
பெற்றோமாக்ஸை ஏற்றினேன்.
டின்னின் அடியில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது,
ஒரு கம்பளிக்குப் போதும்.
கொப்பரையின் இடப்பக்கம், புகை படாத இடத்தில்
ஒரு ஆளைக் குந்த வைத்தேன்.
போர்த்தினேன்.
உள்ளங்கைகள் நெருப்பைப் பார்க்க.

காலையில் கமிட்டி வந்து
பாவிகளை எண்ணியது.
"இது யாரு?"
"அடுப்புக்கு விறகு தள்ளுறவன்."
"எமலோகத்துல ஏதுய்யா விறகுக்காரன்?"
"நெருப்பு சும்மா எரியுமா தலைவரே."

தலைவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.
கம்பளியைப் பார்த்தார். காதோர மச்சத்தைப் பார்த்தார்.
(மச்சத்தை நான் வைக்கவில்லை.
பெயின்ட் தெறித்திருக்கும்.)
ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து
காசை எண்ணிக் கையில் வைத்தார்.

பேசியதில் பாதி.

பஸ்ஸுக்கு நடக்கையில் திரும்பிப் பார்த்தேன்.
மழை விட்டிருந்தது.
அழிக்கச் சொல்லவில்லை அவர்.